இரவல் கொடுத்த பேர்

கடிதம் மே மாதம் முதல் வாரத்தில் வந்தது. கிளெமென்ஸ் கிழவர் தட்டச்சு செய்து, கீழே பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார். பொகன்ஹோர்ஸ்ட் என்கிற குடும்பப் பேர் தாளின் பாதி அகலத்துக்கு நீண்டு கிடந்தது. எழுபத்தொன்பது வயதில் காப்பிக் கோப்பையைப் பிடித்தாலே நடுங்கும் கை அது. அந்தப் பேரை எழுதும்போது மட்டும் நடுங்காது.

பன்னிரண்டு வருடம் கெசீனாவை 'நீ' என்றே கூப்பிட்ட மாமனார் இப்போது 'தாங்கள்' என்று எழுதியிருந்தார்.

"என் மகன் ஹின்ரிக்குக்கும் தங்களுக்கும் மணமுறிவு ஆகி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. எங்கள் பேர் தங்களுக்கு இரவலாகத் தரப்பட்டது. இந்த நாட்டில் அதை உரிமையோடு வைத்திருப்பவர்கள் பத்தே பேர். இரவல் வாங்கியதைத் திருப்பித் தருவது மரியாதை. பதிவு அலுவலகத்துக்குச் சென்று தங்கள் பிறந்த வீட்டுப் பேருக்கு மாறிக்கொள்ளவும். குடும்ப நூலின் இரண்டாம் பதிப்பு இலையுதிர் காலத்தில் வருகிறது. அதற்குள் எண்ணிக்கை சரியாக வேண்டும்."

வேடிக்கை என்னவென்றால், பேரை மாற்றிக்கொள்வதற்கான படிவம் ஏற்கெனவே அவள் கைப்பையில் கிடந்தது. பாதி நிரப்பியும் வைத்திருந்தாள். கிழவர் இன்னும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் கேட்டது தானாகவே நடந்திருக்கும். அவர் இருக்கவில்லை. போதாததற்குப் புதிய பதிப்பின் கடைசிப் பக்கத்தையும் மாதிரிக்காக இணைத்து அனுப்பியிருந்தார். மேலே உயிரோடு இருப்பவர்கள் பட்டியல், கீழே இறந்தவர்கள் பட்டியல்.

கெசீனா கீழ்ப் பட்டியலை மட்டும் படித்தாள். இரண்டு முறை படித்தாள். அவள் மகள் அதில் இல்லை.

ஜெட்டெ எட்டாவது மாதத்தில் இறந்தே பிறந்தவள். அது நடந்து பதினொரு வருடம் ஆகிறது. மருத்துவமனையில் அவளுக்குப் பேர் வைத்து, பதிவு செய்து, சான்றிதழும் வாங்கியிருந்தார்கள். குடும்பக் கல்லறையில்தான் புதைத்தார்கள். ஆனால் கல்லில் அவள் பேரை வெட்டக் கிளெமென்ஸ் விடவில்லை. "கல்லு வாழ்ந்தவங்களுக்கு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஹின்ரிக் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கல்யாணம் உண்மையில் அன்றைக்கே முறிந்துவிட்டது. வேறொருத்தியோடு அவன் கிளம்பிப் போனது சும்மா சடங்குக்கு.

குடும்ப நூல் கிளெமென்ஸின் வாழ்நாள் கிறுக்கு. நாட்டின் எல்லாத் தொலைபேசிப் புத்தகங்களையும் தபால் அலுவலகத்தில் உட்கார்ந்து புரட்டி, தங்கள் பேர் கொண்டவர்களைத் தேடிப் பிடித்துக் கடிதம் போட்டவர் அவர். எண்ணிக்கை கெசீனாவையும் சேர்த்துப் பதினொன்றைத் தாண்டவில்லை. அதுவே அவருக்குப் பெருமை. எல்ட்ரூப் ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு மையர் தலையில்தான் விழும். தொலைபேசிப் புத்தகத்தில் மையர்கள் பக்கம் பக்கமாக வருவார்கள். பொகன்ஹோர்ஸ்டுக்கு ஒரு வரி. பழைய கோட்டை ஒன்றின் வீரனிடமிருந்து வந்த பேர் என்று எழுதியிருந்தார். நிஜத்தில் அது அவர்கள் பண்ணை நிற்கிற இடத்தின் பேர். தவளைகள் கத்தும் ஈர நிலத்துக்கு நடுவில் புதர் மண்டிய ஒரு மேடு, அவ்வளவுதான். அந்த மேட்டில் குடியிருப்பவனுக்கு அந்தப் பேர்.

இது கெசீனாவுக்கு எப்படித் தெரியும் என்றால், நூலை உண்மையில் எழுதியவளே அவள்தான். தேவாலய அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளின் கோழிக்கிறுக்கலைப் படிக்க அந்தக் குடும்பத்தில் வேறு நாதி கிடையாது. ஆறு குளிர்காலம் உட்கார்ந்து படித்து, தட்டச்சு செய்து கொடுத்தாள். முன்னுரையில் அவளுக்கு ஒரு நன்றி கூட இல்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அச்சுக்குப் போகும் முன் இறந்தவர்கள் பட்டியலில் தானாக ஒரு வரி சேர்த்தாள்: ஜெட்டெ, ஒரு சிலுவைக் குறி, ஒரே தேதி.

புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் கிளெமென்ஸ் அதைக் கவனித்தார். வெள்ளைத் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பசை தடவி, அறுபது பிரதியிலும் அந்த வரியின் மேல் ஒட்டினார். சாப்பாட்டு மேசையில், அவள் உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து ஒட்டினார். இப்போது இரண்டாம் பதிப்பில் ஒட்ட வேண்டிய வேலைகூட இல்லை. வரியே இல்லை.

கெசீனா கைப்பையிலிருந்த படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். அழவில்லை. இரவலா? இருக்கட்டும், இரவல் பொருள் என்ன பாடு படும் என்று காட்டுகிறேன் என்று நினைத்தாள்.

அவள் அப்போது டாமோ மையரோடு ஒரே வீட்டில் இருந்தாள். டாமோ பால் லாரி ஓட்டுபவன், மனைவியை இழந்தவன், நாலு பிள்ளைக்காரன். ஊர்த் தீயணைப்புப் படையில் நான்கு மையர்கள் இருந்ததால் வரிசை எண் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். இவன் மையர் நாலு. இரண்டு முறை கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான். பட்டது போதும் என்று இரண்டு முறையும் மறுத்திருந்தாள்.

அன்று மாலை அவன் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"டாமோ, கட்டிக்கலாமா?"

ஒரு காலில் பூட்ஸோடு அப்படியே நின்றான். "யாரு, நாமளா?"

"பின்னே பக்கத்து வீட்டுக்காரனையா கேக்கறேன்? ஒரே ஒரு நிபந்தனை. நீ என் பேரை எடுத்துக்கணும்."

"உன் பொறந்த வீட்டுப் பேரா, லூக்கனா? நல்ல பேருதான், உங்க அப்பாவும் நல்ல மனுஷன்."

"அது இல்ல. இப்ப இருக்கற பேரு."

சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்பது அவளுக்கு அலுவலகத்தில் இருந்தே தெரியும். முதல் கணவனிடமிருந்து வந்த பேரை இரண்டாவது கணவனுக்குக் கொடுக்கலாம். அவன் பிள்ளைகள் சம்மதித்தால் அவர்களுக்கும் கொடுக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாமனாரை நிச்சயமாகக் கேட்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டுக் கடிதத்தை அவனிடம் நீட்டினாள். டாமோ மெதுவாகப் படித்தான். அவன் எதையுமே மெதுவாகத்தான் படிப்பான்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீ என்னைக் கட்டிக்கிறியா, இல்ல அந்தக் கிழவனைப் பழிவாங்கறியா?"

"ரெண்டும்."

"எது முதல்ல?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "இன்னிக்குக் கிழவன். நாளையிலேருந்து நீ" என்றாள்.

டாமோ மற்ற பூட்ஸையும் கழற்றினான். இரண்டையும் சேர்த்துச் சுவரோரமாக வைத்தான்.

"சரி" என்றான். "ஒரு நாள் பொறுத்துக்கலாம். இத்தனை வருஷமா நாலாம் நம்பரா இருந்தாச்சு, நானும் ஒரு தடவை ஒத்தை ஆளா இருந்து பாக்கறேனே. ஆனா பிள்ளைங்ககிட்ட உள்ளதைச் சொல்லித்தான் கேக்கணும்."

சொன்னார்கள். பையன்கள் இருவருக்கும் ஒரே குஷி. பள்ளிக்கூடத்தில் இனிமேல் ஆளுக்கொரு எண் கிடையாது. ஆறு வயது மெர்லா தன்னால் அவ்வளவு நீளமாக எழுத முடியாதே என்று மட்டும் கவலைப்பட்டாள். மூத்தவள் ஃபென்யா, பன்னிரண்டு வயசுக்காரி, தட்டை நகர்த்தி வைத்தாள்.

"எனக்கு வேணாம். அம்மா கல்லுல மையர்னுதான் இருக்கு."

கெசீனாவுக்குச் சுருக்கென்றது. தன் கோபத்தில் இந்தப் பக்கத்தை அவள் யோசித்தே பார்க்கவில்லை. வெட்கமாகப் போயிற்று.

"அது உங்கம்மா பேரு, ஃபென்யா. அதை யாரும் தொட மாட்டாங்க. நீ மையராவே இரு" என்றாள்.

"நிஜமா?"

"நிஜமா. யாராவது மாத்தச் சொன்னா என்கிட்ட வா, நான் பாத்துக்கறேன்."

பதிவு அலுவலகத்தில் ஜூன் பதினைந்தாம் தேதிக்குப் பிறகு வரும் முதல் வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். எல்ட்ரூப்பில் ரொட்டிக்கடைக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்த மாதிரி. கெசீனா வேண்டுமென்றே ரொட்டிக்கடையில், வரிசையில் நின்றுகொண்டு, பால் லாரி மையர் இனி பொகன்ஹோர்ஸ்ட் என்று சத்தமாகச் சொன்னாள். எள் விதை தூவிய ரொட்டி ஆறு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து காத்திருந்தாள்.

மறுநாள் காலை கிளெமென்ஸ் வந்துவிட்டார். அவள் சமையலறையில் மதியத்துக்கு வெள்ளை ஆஸ்பராகஸ் தண்டுகளைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"ஊர்ல என்னமோ பேசிக்கறாங்க" என்றார்.

"சரியாத்தான் பேசிக்கறாங்க, பெரியவரே."

மாமா என்று கூப்பிட்ட வாயில் பெரியவரே என்று வந்ததும் அவர் மூக்கு சிவந்தது.

"நானூறு வருஷத்துப் பேரும்மா அது! ரத்தத்துல வர்றது. பால் வண்டிக்காரனுக்கும் அவன் பெத்ததுகளுக்கும் தூக்கிக் குடுக்க அது என்ன, பழைய சட்டையா?"

"ரத்தமா?" கெசீனா கத்தியை நிறுத்தவில்லை. "ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தி நாலாம் வருஷம். பண்ணைக்காரர் செத்துப் போறாரு, பிள்ளை இல்ல. விதவை ஆன்னா பண்ணையாளைக் கட்டிக்கறா. பண்ணைக்குள்ள கட்டிக்கிட்டு வந்தவன் பண்ணைப் பேரை எடுத்துக்கணும், இந்தப் பக்கத்து வழக்கம் அதுதானே? அந்தப் பண்ணையாளு பேரு ஞாபகம் இருக்கா? நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். அந்தப் பக்கம் கறை பட்டுப் போச்சுன்னு போட்டுடுன்னீங்க. நானும் போட்டேன்."

கிளெமென்ஸ் தொப்பியின் விளிம்பைத் திருகினார்.

"யோகான் பெரெண்ட் மையர்" என்றாள் அவள். "உங்க தாத்தாவுக்குத் தாத்தா. உங்களுக்குள்ள ஓடறதே மையர் ரத்தம். அன்னிக்கு ஒரு பொம்பளை ஒரு மையருக்கு அந்தப் பேரைக் குடுத்தா. இன்னிக்கு நான் இன்னொரு மையருக்குக் குடுக்கறேன். உங்க குடும்ப வழக்கத்தை உங்களைவிட நான் ஒழுங்கா நடத்தறேன்."

ஒரு தண்டின் தோல் நீளமாகச் சுருண்டு தட்டில் விழுந்தது. கிழவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"உனக்கு என்னதான் வேணும்?"

"உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். நாற்காலியை விடாமலே சொன்னார், "அந்தக் குழந்தையைக் கல்லுல வெட்டச் சொல்றேன். புஸ்தகத்துலயும் சேத்துடறேன். நீ இந்தக் கல்யாணத்துல அவன் பேரை எடுத்துக்கோ. நம்ம பேரை விட்டுடு."

பதினொரு வருடமாக அவள் ஏங்கிய ஒன்று. அதை விலை பேசி மேசை மேல் வைத்துவிட்டார்.

"முதல்ல வெட்டுங்க" என்றாள்.

கிழவர் தலையாட்டினார், தொப்பியைப் போட்டுக்கொண்டார், போய்விட்டார். அந்தப் பதற்றத்தில் ஒன்றை மறந்தார். கை கொடுக்கவில்லை. அந்த ஊரில் மாடானாலும் நிலமானாலும் உள்ளங்கையில் உள்ளங்கை அடித்தால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அதுவரை பேசியதெல்லாம் வெறும் காற்று. இதே கிளெமென்ஸ் ஒருமுறை, கையடிக்கவில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, ஒப்புக்கொண்ட காளையை வேறொருவனுக்கு விற்றவர். ஊரே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும். கெசீனாவின் ஒரு கையில் கத்தி, மறு கையில் ஆஸ்பராகஸ். அவள் எதையும் கீழே வைக்கவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

பத்து நாளில் கல்வெட்டுக்காரன் வேலையை முடித்துவிட்டான். கெசீனா தனியாகப் போனாள். பழைய எழுத்துகளுக்குக் கீழே புதிய எழுத்துகள் வெள்ளை வெளேரென்று இருந்தன: ஜெட்டெ பொகன்ஹோர்ஸ்ட். விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தடவினாள். விரல் நுனியில் கல் தூள் ஒட்டியது. பிறகு, மருத்துவமனையில் அழாத அழுகை, அறுபது கீற்றுக்கும் அழாத அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. பக்கத்துக் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் வாளியை வைத்துவிட்டு ஒதுங்கிப் போனாள்.

அழுது முடித்தபோது அவளுக்கு மனம் இளகியிருந்ததா என்று கேட்டால், கொஞ்சம் இளகியது. கால் மணி நேரம் இளகியது. அப்புறம் யோசித்தாள். இது இரக்கத்தில் வெட்டிய எழுத்து இல்லை, பயத்தில் வெட்டிய எழுத்து. அன்றைக்கே வெட்டியிருக்கலாம், அவருக்கு ஒன்றும் குறைந்திருக்காது. இன்னொன்றும் தோன்றியது. மகளுக்குப் பேர் பொகன்ஹோர்ஸ்ட். அவள் தலைமாட்டில் நிற்கும் தாய் வேறு பேரில் நிற்பதா? நாளைக்கு இந்தக் கல்லைப் பார்ப்பவன் இந்தக் குழந்தை யாருடையது என்று கேட்டால், கிளெமென்ஸுடையது என்று சொல்வார்கள். அதை அவளால் சகிக்க முடியவில்லை. கிழவர் தன் கையாலேயே அவள் வாயை அடைக்கப் போய், அவளுக்கு ஒரு காரணத்தையும் வெட்டிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதிவாளர் பெண்மணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குடும்பப் பேராக எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"பொகன்ஹோர்ஸ்ட்" என்றாள் கெசீனா. சபையில் உறுதிமொழி எடுப்பவள் போல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

டாமோ கையெழுத்துப் போட்டான். பழக்கதோஷத்தில் முதலில் 'மை' வரை எழுதி, அடித்து, மறுபடி எழுதினான். பிறகு அதே மேசையில் பையன்களின் தாளும் மெர்லாவின் தாளும் வந்தன. மெர்லா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி, கடைசி மூன்று எழுத்தைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் முடித்தாள். ஃபென்யா அப்பாவின் தோளில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், மையராகவே.

வெளியே தீயணைப்புப் படை இரண்டு வரிசையாக நின்று தண்ணீர்க் குழாய்களை வளைவாகத் தூக்கிப் பிடித்திருந்தது. "நாலாம் நம்பர் காலி! யாராவது பேரு குடுங்கப்பா!" என்று மையர் இரண்டு கத்தினான். ரொட்டிக்கடைக்காரி வெண்ணெய்க் கேக்கைப் பெரிய தட்டோடு கொண்டுவந்து நின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கிளெமென்ஸ் வளைவுக்குள் புகுந்து நேராக வந்தார். முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது.

"நாம பேசி முடிச்சோம்!"

"பேசினோம்" என்றாள் கெசீனா. "கை குடுத்தேனா?"

குழாய் பிடித்திருந்தவர்களில் ஒருவன் சட்டென்று இருமினான். காளைக் கதை எல்லார் நினைவுக்கும் வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வரிசையே குலுங்கியது.

"நான் கல்லுல வெட்டிட்டேன்!" கிழவரின் குரல் உடைந்தது. "உன் பேச்சை நம்பி வெட்டினேன்!"

"வெட்டிட்டீங்க. இனிமே அதுமேல காகிதம் ஒட்ட முடியாது."

இது அவருக்கும் அவளுக்கும் மட்டும் புரிந்தது. கிளெமென்ஸ் கண்ணை மூடித் திறந்தார். பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று உபதேசம் செய்பவர்கள் ஒருமுறைகூட உருப்படியாகப் பழிவாங்கிப் பார்த்ததில்லை. கெசீனாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நாக்கில் தித்தித்தது. பதினொரு வருடத்தில் முதல் முறையாக அவள் முழு மூச்சு இழுத்து விட்டாள்.

அப்போதுதான் மெர்லா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கிழவரின் முன்னால் நின்றாள். வாயோரத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க பேரும் பொகன்ஹோர்ஸ்டுதானாமே? அப்பா சொன்னாரு."

கிளெமென்ஸ் குனிந்து பார்த்தார்.

"அப்போ நீங்க எங்க தாத்தாவா?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஹின்ரிக்குக்குப் புது மனைவியிடமும் குழந்தை இல்லை. எழுபத்தொன்பது வயதில் கிளெமென்ஸை அந்த வார்த்தையால் ஒருவரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருக்கக்கூடியவள் ஒருத்திதான், அவள் கல்லுக்குக் கீழே இருந்தாள். இல்லை என்று சொல்ல ஒரு சின்ன வார்த்தை போதும். கிழவர் வாயைத் திறந்தார், அது வரவில்லை. கெசீனாவைத் திரும்பிப் பார்த்தார், நீயாவது சொல்லித் தொலையேன் என்பது போல.

எத்தனையோ அடிகளை அவள் யோசித்து யோசித்துத் தீட்டி வைத்திருந்தாள். இது அவற்றில் இல்லை. இவ்வளவு ஆழமாகப் பாய்ந்ததும் வேறெதுவும் இல்லை.

"சொல்லுங்க பெரியவரே" என்றாள். "குழந்தை கேக்குதுல்ல?"

கிளெமென்ஸ் தொப்பியைத் தலையில் வைத்தார், திரும்பினார், கார் நிறுத்தியிருந்த பக்கம் நடக்கத் தொடங்கினார். தீயணைப்புக்காரர்கள் குழாய்களை இறக்கி வழி விட்டார்கள். மெர்லா ரொட்டிக்கடைக்காரியின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினாள்.

"தாத்தா, கேக் சாப்பிட்டுப் போங்க! தாத்தா!"

டாமோ கெசீனாவின் கையைத் தொட்டான், போதும் என்கிற மாதிரி. அவள் மெர்லாவைத் திரும்பக் கூப்பிடவில்லை.